ஹெர்லிந்தாவின் பூச்சிகளைக் கொன்றது யார்

மெஸ்தேனோ ஊரில் ஹெர்லிந்தா சிஸ்னெரோஸ் கடைக்குள் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருக்கும் பேச்சு கொஞ்சம் தணியும். அவள் மேல் யாருக்கும் பகை கிடையாது. ஊரின் கழிவுநீர் நிலையம் அவள் பொறுப்பில் இருந்தது, அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்ட எதுவும் கடைசியில் அவள் கண்ணெதிரே வந்து சேரும் என்பது ஊருக்குத் தெரியும்.

சாக்கடை நிலையத்துக்குள் நுழையும் வாயில் இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கும். கரையாதது எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். தினமும் அதை வாரி எடுப்பதுதான் அவளுடைய முதல் வேலை. பல்செட் வந்திருக்கிறது. நடுவில் கிழித்த கல்யாணப் போட்டோ, மாப்பிள்ளை பக்கம் மட்டும், வந்திருக்கிறது. எல்லா மருந்தையும் விட்டுவிட்டேன், கர்த்தர் குணமாக்கிவிட்டார் என்று சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னவரின் பெயர் ஒட்டிய மாத்திரை டப்பா, காலியாக, வந்திருக்கிறது. எதைப் பற்றியும் அவள் வாய் திறந்ததில்லை. ஆனால் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு குணம் படிந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும், "சொல்றது ஒண்ணு, குழாய்ல வர்றது ஒண்ணு" என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் பல காலம் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தவள் அவள். நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எண்ணெய் வயலில் வேலை கிடைத்துப் போனபோது, வேறு யாரும் கேட்காத அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். மாநிலப் பரீட்சையில் ஒரு தடவை தோற்று மறுபடி எழுதினாள். கணவன் ஃபெர்மின் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். கண்ணில் புரை விழுந்து உரிமத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு வீட்டோடு இருந்தான்.

நியூ மெக்சிகோவின் அந்தக் கிழக்கு மூலையில் மழை என்பது விருந்தாளி. வந்தால் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். ஊரில் பச்சையாக இருந்தது ஒரே ஒரு இடம், பள்ளிக்கூடத்தின் பேஸ்பால் மைதானம். அதற்குப் பாய்ந்தது ஹெர்லிந்தா சுத்தம் செய்து அனுப்பும் தண்ணீர். சுத்தம் செய்தது அவளும் இல்லை. அவள் பேச்சில் சொன்னால், பூச்சிகள். காற்றடிக்கும் பெரிய தொட்டியில் பழுப்பு நிறத்தில் கொப்புளித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருந்தன. அவைதான் ஊர்க் கழிவைத் தின்று தீர்த்தன. தொட்டி நன்றாக இருக்கும் நாளில் மழை பட்ட மண் மாதிரி ஒரு வாசம் வரும். காலையில் காரிலிருந்து இறங்கும்போதே அந்த வாசத்தை வைத்து அன்றைய நாளைச் சொல்லிவிடுவாள்.

அந்த வசந்தத்தில், மேற்குக் காற்று வேலியோரம் முட்செடிகளை உருட்டிக் குவித்திருந்த ஒரு காலையில், கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. தொட்டி மேல் சாம்பல் நிற நுரை மேடு கட்டி நின்றது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். எப்போதும் ஓடிப் பிடித்து விளையாடும் பூச்சிகள் ஒன்றுகூட அசையவில்லை.

பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து லாரியில் உயிருள்ள சேறு கொண்டுவந்து ஊற்றினாள். மெல்ல மெல்ல வாசம் திரும்பியது. திரும்பிய கொஞ்ச நாளிலேயே மறுபடி நுரை, மறுபடி சாவு. மாநில அதிகாரி வந்து பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரை மைதானத்துக்கு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். புல் பழுக்க ஆரம்பித்தது. பிள்ளைகளின் ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஊர் முணுமுணுத்தது.

"கொமாத்ரே, யாரோ உன் பூச்சிங்களுக்கு வெஷம் வைக்கிறாங்க," என்றான் சோன். ஊர்க் குழாய்களையும் ஜேசிபியையும் பார்த்துக்கொள்பவன் அவன். அவளுடைய மகளுக்கு ஞானத்தந்தை, அந்த உறவில்தான் கொமாத்ரே என்று கூப்பிடுவான். "இல்ல உன் சமையல அதுங்களுக்கும் போட்டியா?"

"சிரிக்காத சோன். இது ஊர்ல ஒருத்தன் பண்ற வேல. எவன்னு தெரிஞ்சுது..."

எவன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்த மாதிரிதான் இருந்தது. லைல் பிரிங்கர் என்று ஒருத்தர், விஸ்கான்சினிலிருந்து வந்தவர், ஊருக்கு மேற்கே பழைய பருத்திக் கிடங்கை வாங்கி ஆட்டுப்பாலில் சீஸ் செய்துகொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷன். கதவில் எப்போதும் பூட்டு. பாத்திரம் கழுவ அமிலம் டின் டின்னாக வந்து இறங்குவதை ஹெர்லிந்தாவே பார்த்திருந்தாள். வேறு என்ன சாட்சி வேண்டும்?

தபால் ஆபீஸ் வாசலில் ஆள் நிறைய நிற்கும்போது அவரை மறித்தாள்.

"மிஸ்டர் பிரிங்கர், ராத்திரி கழுவித் தள்றீங்களே, அது எங்க போய் நிக்குதுன்னு தெரியுமா?"

"தெரியும்மா. சீஸ் பிரிஞ்ச தண்ணி பன்னிக்குத் தீனியாப் போகுது. கழுவுற அமிலத்தச் சுண்ணாம்பு போட்டு ஆத்தித்தான் விடறேன். வேணும்னா வந்து பாருங்க."

"வந்தா காட்டறதத்தான் காட்டுவீங்க."

கூடி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். லைல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. குற்றம் இல்லாதவன் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மேயர் அதேலா லூஹானிடம் போய், சீஸ் கிடங்கின் சாக்கடைக் குழாயை ஒரு வாரம் அடைக்க உத்தரவு வாங்கினாள் ஹெர்லிந்தா. காற்றடைத்த ரப்பர் உருளையைக் குழாய்க்குள் சோன் தள்ளினான். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் லைல் வேலையை நிறுத்தினார். ஆடுகளுக்கு உத்தரவு புரியுமா? அவை பால் கொடுத்துக்கொண்டே இருந்தன. கறந்த பாலைக் கிடங்குக்குப் பின்னால் வறண்ட ஓடையில் கொட்டினார். வெள்ளையாக ஓடி மணலில் மறைந்ததை அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த வாரத்தின் நடுவில், புதிதாக ஊற்றியிருந்த சேற்றின் பூச்சிகளும் செத்தன.

குழாயைத் திறந்துவிட்டார்கள். யாரும் போய் லைலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெர்லிந்தாவும் போகவில்லை. இன்னும் எதையோ ஒளிக்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

ஆனாலும் வேலை தெரிந்தவளாயிற்றே. இனி ஆளைப் பிடித்துவிட்டுத் தடயம் தேடுவதில்லை, தடயத்தைப் பிடித்துக்கொண்டே ஆளிடம் போவது என்று தீர்மானித்தாள். தினமும் காலையில் ஊருக்குள் மேன்ஹோல் மூடிகளைத் தூக்கி, கயிற்றில் கட்டிய குவளையால் தண்ணீர் மொண்டு வந்து நிலையத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். அடுத்த சாவு வந்ததும், பக்கத்து ஊர்ச் சேற்றை மிளகாய் ஊறுகாய் வந்த ஜாடிகளில் பிரித்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மேன்ஹோல் தண்ணீரைக் கலந்தாள். எந்த ஜாடியில் பூச்சி சாகிறதோ அந்த வழியாகத்தான் விஷம் வந்தது.

சீஸ் கிடங்கும் பள்ளிக்கூடமும் இருந்த மேற்குக் குழாய்க் கிளையின் ஜாடிகளில் பூச்சிகள் ஓடித் திரிந்தன. கிழக்குக் கிளையின் ஜாடி செத்துப்போயிருந்தது. அடுத்த தடவை கிழக்குக் கிளையில் தெருத் தெருவாக மொண்டாள். சர்ச் தெரு உயிரோடு இருந்தது. கிணற்றுத் தெரு உயிரோடு இருந்தது. எல்ம் மரங்கள் நின்ற எல்மரத் தெருவின் ஜாடியில் எதுவும் அசையவில்லை.

ஹெர்லிந்தா குடியிருந்தது எல்மரத் தெருவில்.

அந்தத் தெருவில் வீடுகளே குறைவு. ஒன்று கூரை இடிந்து கிடந்தது. ஒன்றில் அப்போதாக்கா என்ற குடும்பப் பெயர் கொண்ட விதவை, பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுகிறவள். மூன்றாவது ஹெர்லிந்தாவின் வீடு. நான்காவது சோனுடையது. சோன் ஓய்வு நேரத்தில் பழைய கார்களுக்கு வர்ணம் அடிப்பான். கொட்டகை முழுக்க வர்ணம் கரைக்கும் தின்னர் டின்கள்.

சோன்தான். இத்தனை நாளும் பக்கத்தில் நின்று கிண்டல் பேசிக்கொண்டு... நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. அவளுடைய வேலையை முதலில் அவனைத்தானே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்? அப்போது வேண்டாம் என்றவன் இப்போது வேண்டும் என்று நினைக்கிறானோ? வெயில் ஏறிய ஒரு முற்பகலில், அவன் ஜேசிபியோடு வெளியே போயிருக்கிறான் என்று நம்பி அவன் கொட்டகைக்குள் நுழைந்தாள். தரையில் இருந்த வடிகால் மூடியைக் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்ன கொமாத்ரே, நாய் மாதிரி மோந்துகிட்டு இருக்க?"

அவள் நிமிர்ந்தாள். மறைக்க ஒன்றுமில்லை. "எல்மரத் தெருவுலேருந்துதான் வருது சோன். ஜாடி போட்டுப் பாத்துட்டேன்."

"அதனால நான்னு முடிவு பண்ணிட்ட."

"தின்னர எங்க ஊத்தற?"

அவன் மூலையிலிருந்த மூடி போட்ட பீப்பாயைக் காலால் உதைத்துக் காட்டினான். "இதுல. குப்பைக் கிடங்குக்காரன் வந்து எடுத்துட்டுப் போவான். அந்த வடிகால் மண்ணுலதான் எறங்குது, குழாயிலயே சேரல. நான் போட்ட குழாய் எனக்குத் தெரியாதா?" குரல் ஏறியது. "முப்பது வருஷமா ஒரே மேசையில தின்னுருக்கோம். என் கொட்டகைக்குள்ள திருடி மாதிரி வந்து நிக்கிற. உன் வீட்டுக்குப் பின்னால வர்ற வண்டிங்கள மோந்து பாத்தியா?"

"என்ன வண்டி?"

சோன் அவள் முகத்தையே பார்த்தான். அவன் கோபம் மெல்ல வேறொன்றாக மாறியது.

"நெசமா உனக்குத் தெரியாதா?"

"என்ன வண்டின்னு கேக்கறேன்."

"நீ தெரிஞ்சுதான் இருக்கேன்னு நெனச்சேன் லிந்தா. புருஷனக் காப்பாத்தத்தான் அந்த விஸ்கான்சின்காரன் தலையில போட்டேன்னு நெனச்சேன். அதான் உங்கிட்ட ஒண்ணும் கேக்கல."

இத்தனை நாளும் அவன் தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டா பக்கத்தில் நின்று சிரித்தான்? அவள் வெளியே வந்தாள்.

நடக்க நடக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அலமாரியில் புதிதாக முளைத்த கனடா மேப்பிள் பாகு. யார் கொடுத்தது என்று கேட்டபோது, "ஒரு சிநேகிதர்" என்று சொல்லி ஃபெர்மின் பேச்சை மாற்றியது. அவன் சட்டையில் ஒட்டியிருந்த, புதினா மிட்டாய் போல இனிப்பான ஒரு மருந்து வாடை. அதை முகர்ந்தபோது அவள் சந்தேகப்பட்டது வேறு. எந்தப் பொம்பளை இந்த மாதிரி சென்ட் போடுகிறாள் என்று ஒரு மாதமாக மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தாள். மெஸ்தேனோவில் இருந்த அத்தனை விதவைகளின் பக்கத்திலும் ஏதாவது சாக்கு வைத்து நின்று முகர்ந்து பார்த்திருந்தாள்.

முன்வாசல் வழியாகப் போகாமல் பின்சந்து வழியாகப் போனாள். அங்கே எல்மரத்து நிழலை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு வீட்டு வண்டி நின்றது. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய, பேருந்து அளவு வண்டி. குளிருக்குப் பயந்து தெற்கே போய்விட்டு வசந்தத்தில் வடக்கே திரும்பும் கிழவன் கிழவிகள் ஓட்டிப் போவது. அதன் வயிற்றிலிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் இறங்கி, ஹெர்லிந்தா வீட்டுச் சாக்கடைக் குழாயின் திறந்த வாய்க்குள் போயிருந்தது. வாயோரம் நீலமாக ஒழுகியிருந்தது.

மடக்கு நாற்காலிகளில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரே ஃபெர்மின், கைகளை ஸ்டியரிங் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, பனிப்புயலில் பிள்ளைகளோடு பேருந்து சிக்கிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு, "அப்புறம்?" என்றாள். ஃபெர்மினின் முகம் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது. அந்தக் கதை தொடங்கினாலே ஹெர்லிந்தா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அவள் இப்போதும் முழுசாகக் கேட்கவில்லை. குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

வண்டி போன பிறகு ஃபெர்மின் சமையலறை வாசலில் நின்றான்.

"என்ன ஊத்தறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"கக்கூஸ் தண்ணி. நம்ம வீட்டுதும் அதானே கெழவி."

"அந்த நீல மருந்து? நாத்தம் வராம இருக்க அவங்க தொட்டியில போடறது? அது ஃபார்மலின், ஃபெர்மின். பொணம் கெடாம இருக்கப் போடற சாமான். நாள் நாளா அடச்சு வெச்ச தொட்டிய மொத்தமா தெறந்துவிட்டா இந்தச் சின்ன ஊரு தாங்குமா?"

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "தெரியாது. சத்தியமா தெரியாது."

"அப்ப ஏன் மறச்ச?"

"நெடுஞ்சாலையில ஒருத்தர் வழி கேட்டாரு. அவரு இன்னொருத்தர்கிட்ட சொல்லிருக்காரு. வந்தா ஒரு மணி நேரம் ஒக்காந்து பேசுவாங்க. உங்கிட்ட சொன்னா நிறுத்திருவ. மத்தபடி இந்த வீட்டுல நாள் முழுக்க என்கூட யாரு பேசறாங்க?"

"பூச்சி சாகுதுன்னு தெனமும் வந்து பொலம்பினேனே, அப்பவாவது தோணலையா?"

"தோணுச்சு," என்றான் தலையைக் குனிந்துகொண்டே. "கடைசி ரெண்டு மூணு தடவ தோணுச்சு. கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு கேக்கல."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவளால் ரொம்ப நாள் மன்னிக்க முடியவில்லை.

இதை இப்படியே மூடிவிடலாம் என்ற யோசனை அவளுக்கு வராமல் இல்லை. குழாய் வாயை அடைத்தால் பூச்சிகள் பிழைத்துக்கொள்ளும். சோன் காட்டிக்கொடுக்க மாட்டான். ஊர், சீஸ்காரர் திருந்திவிட்டார் என்று பேசிக்கொள்ளும். ஓடை மணலில் வெள்ளையாக ஓடிய பால் கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"நெலயத்துல பூச்சி செத்ததுக்குக் காரணம் என் வீடு. என் வீட்டுக் குழாய்ல வெளியூர் வண்டிங்க தொட்டியக் காலி பண்ணிருக்கு. மிஸ்டர் பிரிங்கர் மேல நான் சொன்னது பொய். வேணும்னா என்ன வேலைய விட்டு எடுத்துருங்க."

பின்வரிசையிலிருந்து, "தெரிஞ்சேதான் பண்ணிருப்பா" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேயர் அதேலா கண்ணாடியைக் கழற்றினாள். "அபராதம் உண்டு. மைதானத்துப் புல்லு திரும்புற வரைக்கும் உன் புருஷன் அங்க வந்து வேல செய்யணும். வேலைய விட்டு எடுக்கறதா? எடுத்துட்டு? அந்த நாத்தத்த நானா போய் மோந்து பாக்கறது? ஒக்காரு ஹெர்லிந்தா."

மறுநாள் அவள் சீஸ் கிடங்குக்குப் போனாள். லைல் கதவைப் பாதி திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"கூட்டத்துல சொன்னத நானும் கேட்டேன்."

"உங்க மொகத்தப் பாத்தும் சொல்லணும்ல. தப்பு என்னுது."

"சரி. அம்பது ஆட்டுப் பாலு. கொட்டறப்ப ஒருத்தர்கூட வந்து நிக்கல." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இப்ப சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்பிடி நம்பறது? வெள்ளிக்கிழமதோறும் நெலயத்துக்கு வருவேன். நானே பாக்கணும். என் குழாயத் திரும்ப ஒருத்தர் அடைக்கக் கூடாது," என்றார்.

"வாங்க."

வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய பிக்கப்பில் வந்து, தொட்டியைச் சுற்றி நடந்து, தெளிந்த தண்ணீரை வெயிலில் தூக்கிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் போவார். அவள் தந்த கணக்குகளை நம்பாமல் தானே ஒரு தடவை அளந்து பார்ப்பார். சோனுக்கு அது பொறுக்கவில்லை. அவளோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தான், ஆனால் கொட்டகைக்கு இப்போது பூட்டுப் போட்டிருந்தான்.

"ஏன் கொமாத்ரே அந்த ஆள உள்ள விடற? போலீஸ்காரன் மாதிரி சுத்தறான்."

"சுத்தட்டும். நான் சுத்தினேன்ல."

புல் மெல்லப் பச்சை பிடித்தது. ஃபெர்மின் மைதானத்தில் குழாயை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆட வரும் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்; அவர்களில் பலருடைய அப்பா அம்மாக்களை அவன்தான் பேருந்தில் ஏற்றிப்போனவன். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தான். அவன் வீடு திரும்பும்போது ஹெர்லிந்தா சட்டையை வாங்குகிற சாக்கில் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். அவனுக்கும் அது தெரியும். கையை விரித்துக் காட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவான். இருவருக்கும் இடையில் பேச்சு முன்பைவிடக் கொஞ்சம் கூடியது, நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது. இரண்டும் அப்படியே பல வருஷம் இருந்தன.

அடுத்த வருஷ வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லைல் வரவில்லை. மதியம் வரை ஹெர்லிந்தா சாலையைப் பார்த்தாள். எதையாவது கண்டுபிடித்து நேரே மாநில ஆபீசுக்குப் போய்விட்டாரோ என்று தோன்றியது. கம்பிகளைப் போய்ப் பார்த்தாள், காற்றுக் குழாய்களைப் பார்த்தாள், தொட்டியை முகர்ந்தாள். எல்லாம் சரியாக இருந்தது அவளை இன்னும் சந்தேகப்பட வைத்தது. கடைசியில் போன் செய்தாள்.

"என்ன, இன்னைக்கு வரல?"

பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தம். "ஒரே நேரத்துல மூணு குட்டி போட்டுக்கிட்டு இருக்கு. கை முழுக்க ரத்தம்," என்றார் லைல் மூச்சு வாங்க. "நாளைக்கு வரேன். அதுக்குள்ள எதையும் ஒளிச்சு வெச்சுராதீங்க."

"இனிமேதான் ஒளிக்கணும். மெதுவா வாங்க," என்றாள் ஹெர்லிந்தா.

மறுமுனையில் அவர் சிரித்த மாதிரி இருந்தது. ஆடாகவும் இருக்கலாம்.